17 வயது வில்லிட்ஸை எடுத்த நேஷனல்ஸ்: ஆண்டர்சனை விட்டது சரியா?

நேவியார்டு நம்பி (2025 ஜூலை 14)

நேற்று அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட் (அணிகள் வரிசையாகப் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் நிகழ்ச்சி) பார்த்தவர்கள் யார் யார்? 2009இல் ஸ்ட்ராஸ்பர்க், 2010இல் ஹார்ப்பர், அதற்கப்புறம் முதல் ஆளாகத் தேர்வு செய்யும் வாய்ப்பு நம் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. யார் முதலில் எடுப்பது என்று குலுக்கும் லாட்டரியில் 2024 டிராஃப்டுக்கே நம் எண்தான் முதலில் விழுந்தது, ஆனால் நம்மைப் போன்ற பெரிய ஊர் அணிகளுக்கு அடுத்தடுத்து இரண்டு வருஷம் லாட்டரியில் இடம் கிடையாது என்று 10ஆம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படித் தவறிப்போய் இந்த வருஷம் திரும்பக் கிடைத்த வாய்ப்பு இது.

அதில் ஓக்லஹோமாவில் ஒரு சின்னப் பள்ளியில் ஆடிய 17 வயதுப் பையன், ஈலை வில்லிட்ஸ். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் எடுக்காமல் விட்ட ஆளைப் பற்றி. எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பந்துவீச்சாளர் கேட் ஆண்டர்சன் போன மாதம்தான் ஓமஹாவில் கல்லூரி இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி 1-0 என்று ஜெயித்துக் கொடுத்தார். இடது கை, தயாரான ஆள், அடுத்த வருஷக் கடைசியிலேயே மேலே, பெரிய லீக்குக்கு வந்துவிடுவார். நமக்கோ பந்து வீச மெக்கென்ஸி கோரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? சியாட்டில் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

2019 கோப்பைக்குப் பிறகு ஒரு சீசன்கூட நாம் பாதி ஆட்டங்களுக்கு மேல் ஜெயிக்கவில்லை. மறுகட்டுமானம் மறுகட்டுமானம் என்று 2021இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொது மேலாளர் ரிஸோவை ஜூலை 6ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள், சரியாக ஒரு வாரம் கழித்து டிராஃப்ட், தற்காலிகப் பொறுப்பில் டிபார்டோலோ. இந்த நிலையில் இப்படி ஒரு தேர்வு. காசு மிச்சம் பிடிக்கத்தான் செய்தார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபாஸ்ட்பால் பாண்டி

காசுதான் அண்ணா. வேறென்ன. பல பட்டியல்களில் முதலிடத்தில் இருந்த ஈத்தன் ஹாலிடேவையும் விட்டுவிட்டார்கள், அவரும் அதே ஓக்லஹோமாக்காரர்தான். முதலாளிகளுக்கு நம் அணியை விற்கவும் மனசில்லை, செலவழிக்கவும் மனசில்லை.

ஆர்லிங்டன் ஆதி

பாண்டி, கொஞ்சம் பொறுங்கள். காசு மிச்சம் பிடிப்பதும் முதலாளி காசை மிச்சம் பிடிப்பதும் ஒன்றல்ல.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். அங்கே ஆளுக்கு விலை ஏறும், இங்கே இடத்துக்குத்தான் விலை. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு தேர்வுக்கும் லீக் ஒரு ஸ்லாட் தொகை (கையெழுத்து போனஸுக்கான மதிப்பு) வைத்திருக்கிறது, இந்த வருஷம் முதல் இடத்துக்கு அது ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர். ஓர் அணியின் ஸ்லாட்டுகளையெல்லாம் கூட்டினால் வருவது அதன் போனஸ் பூல். பூலுக்குள் யாருக்கு எவ்வளவு என்பது அணியின் இஷ்டம். பூலை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த வருஷ முதல் சுற்றுத் தேர்வே போய்விடும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. ஆகவே முதல் ஆளிடம் 25, 30 லட்சம் குறைத்துப் பேசினால் அந்தப் பணத்தை மூன்றாவது, நான்காவது சுற்றில், "கல்லூரிக்கே போய்விடுகிறேன்" என்று மிரட்டுகிற பள்ளிப் பையன்களுக்குக் கொடுத்து இழுக்கலாம். வில்லிட்ஸோடு என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்பது கையெழுத்தானதும் தெரியும், ஆனால் முழு ஸ்லாட்டும் போகாது என்று நினைக்கிறேன். நேற்று ஏஞ்சல்ஸ் இரண்டாவது இடத்தில் யாரும் எதிர்பார்க்காத டைலர் பிரெம்னரை எடுத்ததும் இதே கணக்காகத்தான் இருக்கும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் 2012 ஹியூஸ்டன். அப்போதும் எல்லோரும் பைரன் பக்ஸ்டன், மார்க் அப்பெல் என்று பேசிக்கொண்டிருந்தபோது 17 வயது கார்லோஸ் கொரியாவை எடுத்தார்கள். ஸ்லாட் 72 லட்சம், கொடுத்தது 48 லட்சம். மிஞ்சியதையும் சேர்த்து 41ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியருக்கு 25 லட்சம் கொடுத்தார்கள். 2017இல் கோப்பை வாங்கியபோது இருவரும் அணியில் இருந்தார்கள். (அந்த வருஷம் எதிரணியின் சைகைகளைத் திருடிக் குப்பைத் தொட்டியைத் தட்டின கதை வேறு, அதை இங்கே இழுக்காதீர்கள்.)

நம் டிராஃப்டை நடத்துகிற பிராட் சியோலெக் பால்டிமோரிலிருந்து வந்தவர். 2020இல் அங்கே இரண்டாவது இடத்தில் கியர்ஸ்டாடைக் குறைந்த தொகைக்கு எடுத்து, மிச்சத்தில் நான்காவது சுற்றில் கோபி மாயோவைப் பிடித்தார்கள். பழகின கை.

ஃபாஸ்ட்பால் பாண்டி

கொரியாவைச் சொன்னால் மோனியாக்கையும் சொல்லுங்களேன். 2016இல் பிலடெல்பியா இதே வித்தையைத்தான் செய்தது. 61 லட்சத்துக்கு மிக்கி மோனியாக், மிச்சத்தில் கெவின் கௌடி என்ற பிட்சருக்கு (பந்துவீச்சாளர்) 35 லட்சம். மோனியாக் அங்கே ஒட்டவே இல்லை, ஏஞ்சல்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள், இப்போது கொலராடோவில்தான் ஏதோ நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார். கௌடி பெரிய லீக் மைதானத்தை மிதிக்கவே இல்லை.

இடதுகை இளங்கோ

ஆண்டர்சன் தயாரான ஆள் என்கிறார் நம்பி. பிட்சரில் தயாரான ஆள் என்று யாராவது உண்டா? ஸ்ட்ராஸ்பர்க்கை விடத் தயாராக ஒருவர் அந்த டிராஃப்டுக்கு வந்ததே கிடையாது, முதல் ஆட்டத்திலேயே பைரேட்ஸ் அணியில் 14 பேரை ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) செய்தார், அதே வருஷம் முழங்கையில் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் 2019இல் உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், 24 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தில் அவர் வீசியது மொத்தம் 8 ஆட்டம். காவல்லியை 2020இல் முதல் சுற்றில் எடுத்தோம், அவருக்கும் முழங்கை போய் இன்னும் கீழ்மட்ட மைனர் லீக்கில்தான் இருக்கிறார். நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு "பிட்சர் எடுத்திருக்கலாமே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் வயது. இந்தப் பையன் 2026இல் பள்ளி முடிக்க வேண்டியவன், ஒரு வருஷம் முன்னாலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறான். 1987இல் கென் கிரிஃபி ஜூனியருக்குப் பிறகு முதல் இடத்தில் போனவர்களில் இவன்தான் இளையவன். தன்னைவிட ஒரு வயது, ஒன்றரை வயது மூத்தவர்களோடு நின்று பந்தைச் சரியாக அடித்திருக்கிறான், அதுவும் வலது, இடது இரண்டு பக்கமும் நின்று. அப்பா ரெஜி வில்லிட்ஸ் ஏஞ்சல்ஸுக்கு ஆடியவர், யாங்கீஸில் கோச்சாக இருந்தவர். ஆடிக்கொண்டிருந்த காலத்தில் குடும்பத்தோடு பேட்டிங் பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே குடியிருந்த மனிதர். பையன் எப்படி வளர்ந்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிடல் கண்ணம்மா

இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவரும் முக்கியமான விஷயத்துக்கு வரவில்லை.

யாரை எடுத்தோம் என்பதில் நம் அணிக்கு என்றைக்குமே பெரிய பிரச்சினை இருந்ததில்லை. எடுத்த ஆளை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிரச்சினை. 2022இல் ஐந்தாவது இடத்தில் ஈலைஜா கிரீனை எடுத்தபோதும் இதே மாதிரிதான் எல்லோரும் குதித்தார்கள். பள்ளிப் பையன், உடம்பு இரும்பு மாதிரி, ஓட்டம், பலம், 65 லட்சம் டாலர். மூன்று வருஷமாகக் கீழ் மட்டத்தில் ஸ்டிரைக்அவுட் ஆகிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நம் அணியில் பார்க்கிற மாதிரி ஆடுகிறவர்கள் யார்? வுட், ஏப்ரம்ஸ், கோர். மூவரும் நம் நட்சத்திர ஆட்டக்காரர் சோட்டோவைக் கொடுத்து சான் டியாகோவிடமிருந்து வாங்கியவர்கள், எடுத்து வளர்த்தது அவர்கள். நாமே எடுத்து வளர்த்தோம் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல எத்தனை பேர்? க்ரூஸ் இப்போது காயத்தில், ஹவுஸ் போன மாதம்தான் வந்திருக்கிறார், அவர்களைப் பற்றி இப்போதே எதுவும் சொல்லக் கூடாது.

இன்னொன்று, நம்பி அண்ணா காலக்கணக்கைப் பற்றிச் சொன்னது நியாயம், ஆனால் அவர் பயப்படுவதை விட நிலைமை மோசம். வில்லிட்ஸ் எல்லாம் சரியாகப் போய் 20, 21 வயதில் மேலே வருகிறான் என்றால் 2028, 2029. ஏப்ரம்ஸ் 2028 சீசன் முடிந்தால் எந்த அணிக்கும் போகலாம், சுதந்திரப் பறவை, கோர் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே. வுட் 2030 வரைக்கும். அதாவது இந்தப் பையன் வரும்போது இப்போதிருக்கிற கூட்டத்தில் பாதி கிளம்பியிருக்கும். ஏப்ரம்ஸ் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) இடம் அவனுக்காகக் காலியாகும் என்பது உண்மை, ஆனால் அது நல்ல செய்தியா என்று தெரியவில்லை. முதலாளிகள் ஏப்ரம்ஸுக்கும் வுட்டுக்கும் நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால்தான் இந்தத் தேர்வுக்கே அர்த்தம்.

நேவியார்டு நம்பி

கண்ணம்மா, நீங்கள் என் கோபத்தைக் குறைக்க வந்தீர்களா, கூட்ட வந்தீர்களா?

இளங்கோ சொல்வது புரிகிறது, ஆனால் பிட்சர் கை போய்விடும் என்று பயந்து பிட்சரே எடுக்காமல் இருந்தால் ஆட்டத்தை யார் வீசுவது? டெட்ராய்ட் பிட்சர் ஸ்கூபலை ஒன்பதாவது சுற்றில் எடுத்து வளர்த்தது. நம்மால் அது முடியாது என்று தெரிந்துதான் தயாரான ஆளைக் கேட்கிறேன். ஆதி சொன்ன மிச்சப் பணம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

ஆர்லிங்டன் ஆதி (ஜூலை இறுதி)

கணக்கு வந்துவிட்டது. வில்லிட்ஸுக்கு 82 லட்சம். ஸ்லாட்டில் கிட்டத்தட்ட 29 லட்சம் மிச்சம். அது முதலாளி பைக்குப் போகவில்லை என்பதைப் பாண்டி கவனிக்கவும். மூன்றாவது சுற்றில் மிசிசிப்பி பள்ளி பிட்சர் லாண்டன் ஹார்மன், நான்காவதில் நியூயார்க்கிலிருந்து 100 மைல் வேகத்தில் வீசுகிற மிகேல் சீமே ஜூனியர், ஐந்தாவதில் ஷார்ட்ஸ்டாப் கோய் ஜேம்ஸ். மூவருக்கும் அவரவர் ஸ்லாட்டை விட நிறையக் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நம்பி கேட்ட பிட்சர் ஒருவருக்குப் பதில் இரண்டாக வந்திருக்கிறார்கள். ஆண்டர்சனுக்கு சியாட்டில் 88 லட்சம் கொடுத்திருக்கிறது, அவரை நாம் எடுத்திருந்தால் இந்தப் பட்டியலில் ஒருவரையாவது விட்டிருக்க வேண்டும்.

இடதுகை இளங்கோ (ஆகஸ்ட்)

வில்லிட்ஸ் நம் மைனர் லீக் அணியில், ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் ஆட ஆரம்பித்துவிட்டான். நெரிசல் இல்லாத நாளில் டிசியிலிருந்து ஒரு மணி நேரம்தான், ஐ-95 நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போகிறவர்கள் ஹோம் ரன்னை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது அவன் ஆட்டம் இல்லை. எத்தனை முறை பந்தே படாமல் சுற்றுகிறான் என்று மட்டும் எண்ணுங்கள்.

நேவியார்டு நம்பி

எண்ணுகிறேன். ஆனால் ஹார்மனுக்கு என்ன வயது என்று பார்த்தீர்களா ஆதி? அவரும் பள்ளிப் பையன்தான், சீமேயும் அப்படியே. அடுத்த ஏப்ரலில் நம் மைதானத்தில் கோருக்கு அடுத்த நாள் பந்து வீசப் போவது யார் என்றுதான் நான் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னும் ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

கேபிடல் கண்ணம்மா

காவல்லி, அண்ணா. இந்த மாதம் மேலே வந்துவிட்டார். கை தாங்குகிற வரைக்கும்.