மழைக்கு முன்னாலேயே பிடிபட்ட பிழை: டைப் செக்கர் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து

டைப் செக்கர் (எந்த இடத்தில் எந்த வகைத் தரவு வர வேண்டும் என்று நிரலை ஓட்டாமலேயே சரிபார்க்கும் கருவி) எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான், நாலு பேர் பயன்படுத்துகிற நிரலுக்கு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு தேயிலை ஆலையின் பச்சை இலைக் கொள்முதல் கணக்கு, பைதானில் எழுதியது, பராமரிப்புக்காக என்னிடம் வந்தது. சிறு விவசாயிகள் சாக்கில் கட்டி ரோட்டோரம் வைத்திருக்கும் இலையை, வண்டியில் வருபவர்கள் எடை போட்டு அங்கேயே சீட்டு கொடுப்பார்கள். மொத்த எடையில் சாக்குக்கு ஒரு கழிவு உண்டு. மழை நாளில் இலையில் நிற்கும் தண்ணீருக்கு இன்னொரு கழிவு. நிரலில் 'கழிவு விதி' என்று ஒரு தாய் கிளாஸ், அதாவது பிள்ளை கிளாஸ்கள் பின்பற்ற வேண்டிய மாதிரி. அதில் 'கணக்கிடு' என்ற மெத்தட் எடையை மட்டும் வாங்கிக்கொண்டு கழிவைத் திருப்பித் தரும். அதன் பிள்ளைகளில் 'சாக்கு விதி' அதை அப்படியே பின்பற்றியிருந்தது. 'ஈர விதி'யின் 'கணக்கிடு' மட்டும் எடையோடு சதவீதத்தையும் கட்டாயமாகக் கேட்டது. சீட்டு போடும் பகுதியோ விதிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எடையை மட்டும்தான் கொடுக்கிறது.

காய்ந்த நாளில் ஈர விதி அந்த வரிசையிலேயே சேராது. அதனால் நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கோத்தகிரிப் பக்கம் நல்ல மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். நிரலைச் சோதித்தவர்கள் எல்லாரும் வெயில் நாளில் சோதித்திருக்கிறார்கள். விட்டிருந்தால் ஐப்பசி மழையில், விவசாயி நனைந்துகொண்டு நிற்கும்போது, டைப்எரர் என்று நிரல் நின்றுபோயிருக்கும். சிக்னல் கிடைக்காத இடத்தில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

பைதானுக்கான டைப் செக்கரான மைபை இதை நிரலை ஓட்டாமலேயே சொன்னது. ஆனால் முதல் தடவை அல்ல. முதலில் ஓட்டியபோது சிக்கல் எதுவும் இல்லை என்றுதான் பதில் வந்தது. எந்த வகையை வாங்கும், எதைத் தரும் என்று சொல்லும் டைப் குறிப்பே இல்லாத ஃபங்ஷன்களை மைபை சும்மா விட்டுவிடும், அதுதான் அதன் இயல்பு. இது தெரியாமல் நிம்மதி அடைகிறவர்கள் நிறையப் பேர். ஸ்ட்ரிக்ட் என்ற கடுமையான அமைப்பைக் கொடுத்து ஓட்டினால் குறிப்பில்லாத இடங்களையே பிழையாகக் காட்டும். தாய் கிளாஸுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் குறிப்பு எழுதினேன். உடனே ஈர விதியின் வரியைக் காட்டி, இந்த மெத்தட் தாய் கிளாஸில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றது.

இதற்கு அடியில் இருப்பது கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஓர் உரையில் சொன்னது. 1994-ல் ஜீனெட் விங்குடன் சேர்ந்து அதைக் கட்டுரையாகவும் எழுதினார். தாய் வகையின் பொருள் (ஆப்ஜெக்ட்) இருக்கும் எந்த இடத்திலும் பிள்ளை வகையை வைத்தால் வேலை கெடக்கூடாது. கூப்பிடுகிறவருக்குத் தாயைத்தான் தெரியும். அதனால் பிள்ளை, தாய் கேட்பதைவிடக் குறைவாகக் கேட்கலாம், கூடுதலாகக் கேட்கக்கூடாது. தாய் சொன்னதைவிடக் குறுகின வகையைத் திருப்பித் தரலாம், அகன்றதைத் தரக்கூடாது.

சரி, எப்படித் திருத்துவது? சதவீதத்துக்கு, எதுவும் கொடுக்காதபோது எடுத்துக்கொள்ள ஒரு இயல்பு மதிப்பு வைத்தால் மைபை வாயை மூடிக்கொள்ளும். நான் அதைச் செய்யவில்லை. பூஜ்யம் வைத்தால் கழிவே விழாது, ஆலைக்கு நட்டம். பத்து வைத்தால் லேசான தூறலுக்கும் விவசாயியின் எடை குறையும், யாருக்கும் தெரியாது. சதவீதத்தை, பொருளை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்கு நகர்த்தினேன். அன்றைய சதவீதத்தைக் கொடுக்காமல் ஈர விதியை உருவாக்கவே முடியாது. கன்ஸ்ட்ரக்டர் தாயோடு ஒத்துப்போக வேண்டும் என்று மைபை கேட்பதில்லை, அதனால் அங்கே தாராளமாக வேறுபடலாம்.

கூடலூரிலிருந்து

எங்களுக்கு ஜூனிலேயே மழை பிடித்துவிடும், அதனால் உங்கள் பிழை இங்கே சீக்கிரமே வெளியே வந்திருக்கும் அண்ணா. எங்களுக்கு நடந்தது தராசில்.

பழைய தராசுக்கு ஒரு கிளாஸ், புது ப்ளூடூத் தராசுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் 'எடை' என்று ஒரு மெத்தட். பழையது எண்ணைத் தந்தது, புதியது எழுத்துச் சரத்தை. பைதானில் "23.5" என்ற சரத்தைக் கிலோ விலையான முழு எண் 20-ஆல் பெருக்கினால் 470 வராது. 23.523.523.5 என்று அதே சரம் இருபது தடவை ஒட்டிக்கொண்டு வரும். விலை பைசாவோடு இருந்திருந்தால் நிரல் நின்றிருக்கும். முழு ரூபாயாக இருந்த நாளில் அந்த நீண்ட வரிசை அப்படியே சீட்டில் அச்சானது. வாங்கிய அம்மா அதைக் கொண்டுவந்து, "இது என்ன கணக்கு தம்பி?" என்று கேட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தராசு லைப்ரரிக்கு டைப் குறிப்பு கிடையாது. அதிலிருந்து வருவதை எல்லாம் மைபை 'எனி', அதாவது எந்த வகையாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும், 'எனி' எங்கேயும் நுழைந்துவிடும். எண்ணைத் தருவதாகச் சொன்ன மெத்தட் 'எனி'யைத் தருகிறது என்று ஸ்ட்ரிக்டில் ஓட்டியபோதுதான் காட்டியது. இப்போது கருவியிலிருந்து வருவதை வாசலிலேயே எண்ணாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம்.

கொடைக்கானலிலிருந்து

பழனி மலையிலிருந்தும் ஒன்று. தங்கும் விடுதிகளுக்கு அறைப் பதிவு நிரல். தாய் கிளாஸில் 'விழாக் கட்டணம்' என்று ஒரு மெத்தட், சாதாரண வாடகையையே திருப்பித் தரும். மே மாதம் கோடை விழாவின்போது வேறு வாடகை வாங்கும் விடுதிகள் அதைத் தங்கள் பிள்ளை கிளாஸில் மாற்றி எழுதி, அதாவது ஓவர்ரைடு செய்துகொள்ள வேண்டும். மெத்தட் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்கள். தாய் கிளாஸ் எழுதியவர் ழகரத்துக்கு இசட்-எச் போட்டார். பிள்ளை கிளாஸ் எழுதியவர் வெறும் எல் போட்டார்.

பைதானுக்கு அவை இரண்டு வேறு மெத்தட்கள். பிழை எதுவும் வராது. விழா நாளிலும் பழைய வாடகைதான் போகும். டைப்களும் சரியாக இருப்பதால் மைபையும் கண்டுகொள்ளவில்லை. ஓவர்ரைடு என்ற குறியை மெத்தட்டுக்கு மேலே போட்டதும்தான், ஓவர்ரைடு என்று போட்டிருக்கிறாய், தாய் கிளாஸில் அப்படி எதுவுமே இல்லையே என்றது. ஜாவாவில் இந்தக் குறி 2004-லிருந்து இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டில் 2021-ல் 4.3 பதிப்போடு வந்தது, பைதானில் 2023-ல் 3.12-ல். பழைய பைதான் வைத்திருப்பவர்கள் டைப்பிங் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற லைப்ரரி மூலம் எடுத்துக்கொள்ளலாம். குறி இல்லாமல் ஓவர்ரைடு செய்தாலே பிழை என்று மைபையில் ஒரு அமைப்பும் உண்டு, அதையும் போட்டு வைத்திருக்கிறோம்.

தாய் மெத்தட்டை அப்ஸ்ட்ராக்ட், அதாவது பிள்ளை கட்டாயம் எழுதியே ஆக வேண்டியது என்று ஆக்கியிருந்தாலும் மாட்டியிருக்கும். ஆனால் எல்லா விடுதிக்கும் விழாக் கட்டணம் கிடையாதே.

கோத்தகிரியிலிருந்து

கூடலூர்த் தம்பிக்கு: எண்ணாக மாற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள். சில தராசு கிராமில் தரும், சில கிலோவில். இரண்டும் மைபைக்கு வெறும் எண்தான். நியூடைப் வைத்துக் 'கிலோ', 'கிராம்' என்று தனித்தனி வகையாக்குங்கள். கிலோ கேட்கும் இடத்தில் கிராம் போனால் பிடித்துவிடும். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலம் தொலைந்தது இப்படி அலகு மாறியதால்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: எல்லாக் கோப்புக்கும் ஒரே மூச்சில் குறிப்பு எழுத உட்காராதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். தாய் கிளாஸ்கள், அவற்றின் பிள்ளைகள், அவற்றைக் கூப்பிடும் இடம், இந்த மூன்றை மட்டும் முதலில் எழுதுங்கள். ஸ்ட்ரிக்டை மொத்தமாகத்தான் போட முடியும், ஆனால் குறிப்பில்லாத ஃபங்ஷனைப் பிழையாக்குவது போன்ற அதன் தனித்தனி விதிகளை அந்தக் கோப்புகளுக்கு மட்டும் போட மைபை அமைப்புக் கோப்பில் வழி இருக்கிறது.