'ஜீன் சைலன்சிங்' என்பதற்கு 'மரபணுப் பூட்டு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மரபணுவை வெட்டியெடுக்காமல், அது இருந்த இடத்திலேயே செயல்படாதபடி நிறுத்திவைப்பதை ஆங்கிலத்தில் 'ஜீன் சைலன்சிங்' என்கிறார்கள். இந்தக் கருத்துக்கு நம்மிடையே இதுவரை 'மரபணு ஒடுக்கம்', 'மரபணு மௌனம்', 'மரபணு முடக்கம்' என்னும் மூன்று சொற்கள் வந்துள்ளன. ஆய்வகப் பயிற்சி மாணவர்களுக்காக அமீபா சீதபேதியைப் பற்றி எழுதிவரும் கட்டுரையில் மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏதேனும் ஓரிடத்தில் பொருளைக் கெடுக்கிறது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் மிரெல்மனின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்னும் குடல் ஒட்டுண்ணியிடம், பிற செல்களின் சவ்வில் துளையிடும் அமீபாபோர் என்ற சிறு புரதம் இருக்கிறது. அப்புரதத்துக்குரிய மரபணுவின் முகப்புப் பகுதியைத் தாங்கிய பிளாஸ்மிடை, அதாவது வட்ட வடிவச் சிறு டி.என்.ஏ. துண்டை, உள்ளே செலுத்தியபோது, அமீபாவின் சொந்த மரபணுவே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படாமல் நின்றுவிட்டது. பிளாஸ்மிடை இழந்த பிறகும் அந்த நிலை மாறாமல், செல் பிளவுதோறும் வழித்தோன்றல்களுக்குச் சென்றது. மரபணு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, அதிலிருந்து ஆர்.என்.ஏ. மட்டும் பிறக்கவில்லை.

'ஒடுக்கம்' இங்கே போதாது. அளவு குறைவதற்கும் அச்சொல்லையே எழுதுகிறோம், பாதி குறைந்ததா முற்றிலும் நின்றதா என்பது படிப்பவருக்கு விளங்காது. 'மௌனம்' ஆங்கிலச் சொல்லின் நிழலாகவே நிற்கிறது. 'முடக்கம்' பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. முடங்கியது என்றால் பழுதுபட்டது என்று பொருள்படும். அடுத்த வரியில் அமீபாவே வலுவிழந்துவிட்டதாகவும் படிப்பவர் எண்ணிக்கொள்வார். நடந்தது அதுவன்று. அதே அமீபா வகையைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வில், எலிகளின் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. ஆனால் எலிகளில் ஒட்டி வளர்த்த மனிதக் குடல் திசுவில் அழற்சியும் சிதைவும் ஏற்படவே செய்தன. ஆகவே நமது சொல் அந்த ஒரு மரபணுவோடு நிற்க வேண்டும், உயிரியின் மேல் வழிந்துவிடக் கூடாது.

மாணவர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அமீபா குடற்சுவரில் உண்டாக்கும் புண், வாய் குறுகி அடி அகன்ற குடுக்கையைப் போலிருக்கும். அந்நோயை, கிருமித்தொற்றால் வராத பெருங்குடல் புண் அழற்சி (அல்சரேட்டிவ் கொலைடிஸ்) என்று தவறாக முடிவுசெய்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்கு முற்றிவிடலாம். சூடு ஆறாத மலத்துளியில், சிவப்பணுக்களை விழுங்கியபடி நகரும் அமீபாவைக் கண்டறிய வேண்டியவர்கள் இவர்கள்தாம். "முடக்கப்பட்ட அமீபா தீங்கற்றது" என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் விழ நம் சொல் காரணமாகக் கூடாது.

எனவே 'பூட்டு' என்கிறேன். பூட்டிய பெட்டிக்குள் பொருள் முழுதாக இருக்கிறது; எடுத்தாள மட்டும் முடியாது. 'வாய்ப்பூட்டு' என்று ஒரு நண்பர் சொன்னது அழகான சொல்தான். ஆனால் மருத்துவ உரையில் அது தாடை இறுகும் நோயை நினைவூட்டும்.

பூட்டு என்றால் சாவி எங்கே என்று அதே நண்பர் கேட்டிருந்தார். ஜியார்டியா என்னும் இன்னொரு குடல் ஒட்டுண்ணியைப் பாருங்கள். அதன் மேற்பரப்புப் புரதங்களுக்கு ஏறத்தாழ 200 மரபணுக்கள் உண்டு. ஒரு வேளையில் ஒரு புரதம் மட்டுமே செல்லின் மேல் தோன்றும். அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் ஹூகோ லூஹானின் குழு, சிறு ஆர்.என்.ஏ.க்களை நறுக்கித் தரும் டைசர் நொதியைக் குறைத்தபோது, ஒரே செல்லில் பல புரதங்கள் சேர்ந்து தோன்றின என்று 2008இல் காட்டியது. அதாவது, பூட்டுகள் திறந்துகொண்டன. இங்கே பூட்டு படியெடுத்தலுக்குப் பிந்தைய கட்டத்தில் விழுகிறது. அமீபாவிலோ படியெடுத்தலிலேயே விழுகிறது. 'படியெடுப்புப் பூட்டு', 'பின்படியெடுப்புப் பூட்டு' என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல இச்சொல் இடம் தருகிறது. சாவி இன்னும் கிடைக்காத பூட்டும் பூட்டுத்தான்.

வினைக்குப் 'பூட்டுதல்', பெயரடைக்குப் 'பூட்டுண்ட மரபணு' என்று கொள்ளலாம். 'நீக்கம்' என்பதை மரபணுவையே வெட்டியெடுக்கும் 'நாக் அவுட்' முறைக்கு விட்டுவிடுவோம். 'பின்படியெடுப்பு' நாவில் இடறுகிறது. அதற்கு எளிய சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.