நூல் கட்டி டோ பார்ப்பது: வீட்டு வாசலிலேயே வீல் அலைன்மென்ட்

மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக உள்ள முன் சஸ்பென்ஷன்) உள்ள சின்ன கார்களில் நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் முன்சக்கர டோ ஒன்றுதான். மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. அதைப் பார்க்கக் கொத்தனார் நூல், நூலைக் கட்ட நான்கு ஸ்டாண்டு, மில்லிமீட்டர் ஸ்கேல் போதும்.

ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்திக் கட்டிவிடுங்கள். காரின் இருபுறமும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மைய உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். இங்கேதான் பலர் தவறுவது: முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் நூல் ஒரே தூரத்தில் இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் முன் பின் டிராக் அகலம் (இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) பல கார்களில் வேறு வேறு. இடது முன்னும் வலது முன்னும் சமம், இடது பின்னும் வலது பின்னும் சமம், இரண்டு நூலுக்கும் நடுவே உள்ள அகலம் இரு முனையிலும் ஒன்றே. இது மூன்றும் அமைந்தால் சரி.

பிறகு ரிம்மின் முன்னோரம், பின்னோரம் இரண்டிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். முன்னோரத் தூரம் கூடுதலானால் டோ-இன் (முன்பக்கம் உள்ளே திரும்பியது), குறைந்தால் டோ-அவுட். 14 அங்குல ரிம்மின் வெளிவிளிம்பு சுமார் 380 மி.மீ.; அதில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 0.15 டிகிரி. மேனுவலில் இருப்பது மொத்த டோவா, ஒரு சக்கரத்துக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை ஒரே சக்கரத்தில் ஏற்றினால் ஸ்டியரிங் கோணிக்கொள்ளும்.

பதில்:
ஜாக்கியில் ஏற்றி இறக்கியதும் அளக்கவே கூடாது. தொங்கிய சக்கரம் இறங்கும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சரியான நிலைக்கு வராது. காரை முன்னோக்கி இரண்டு மூன்று மீட்டர் தள்ளுங்கள். பின்னால் இழுத்தால் டோ மாறிக் காட்டும். இடமில்லையா, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் இரண்டு வழவழப்பான டைல்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள், நடுவில் கிரீஸ். நெளிந்த ரிம்மும் பொய் சொல்லும்: ஒருமுறை அளந்து, சக்கரம் அரைச் சுற்று உருளும்படி தள்ளி, மறுபடி அளந்து சராசரி எடுங்கள். நூலையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கணும், கால் பட்டாலே போச்சு.

பதில்:
டோவைத் திருத்தும் டை ராடு (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) பற்றி. ராடைப் பூட்டி வைக்கும் லாக் நட்டில் முதல் நாள் இரவே துரு எண்ணெய் விடுங்கள். மரையில் பெயின்ட் கோடு போட்டுவிட்டால் எவ்வளவு திருப்பினோம் என்பது தெரியும். பூட் (ராடை மூடும் ரப்பர் உறை) கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைச் சுற்றினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். தண்ணீர் உள்ளே போய் ரேக் (டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் ஸ்டியரிங் பல்சட்டம்) கெடும். கால் சுற்றுக்கு ரிம்மில் சுமார் 1 மி.மீ. மாறும், மரையைப் பொறுத்துக் கூடும் குறையும். ரேக் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் ராடை நீட்டினால் டோ-இன், முன்னால் இருந்தால் தலைகீழ். லாக் நட்டை இறுக்கும்போது இன்னொரு ஸ்பேனரால் ராடைப் பிடிக்காவிட்டால் வைத்த அளவு நகர்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம், காரைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம்.

பதில்:
நூலைத் தொடும் முன் டயர் காற்று, டை ராடு எண்ட் (ராடின் முனை மூட்டு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர்) மூன்றையும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு ஆட்டம் தெரியும், மேலும் கீழும் ஆட்டினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். ஆட்டம் உள்ள காரில் எந்த அளவும் நிற்காது.

டயர் பட்டனை (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளை) உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது முனை குத்தினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது குத்தினால் டோ-அவுட்.

பதில்:
கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்காகவே டோவைத் திருகாதீர்கள். நம் சாலை இடப்பக்கம் சரிவு, லேசான இழுப்பு இயல்பு. சந்தேகமென்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள் (ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

பதில்:
டோ சரியாக இருந்து, நேராகப் போகையில் ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், ரேக் பின்னால் உள்ள காரில் இடது ராடைக் குறைத்து, வலது ராடை அதே அளவு நீட்டுங்கள். மொத்த டோ மாறாது. ஈஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள காரில் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் வைத்துப் பூஜ்யம் செய்ய வேண்டிவரலாம். அந்த வேலை ஒர்க்‌ஷாப்பில்தான். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு லாக் நட்டை மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.