பொதியில் வந்த மீன் எண்ணெய்க் குளிசை: உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்துக்கு உதவியதா?

கிளிநொச்சியிலிருந்து:

அம்மாவுக்கு 74 வயது. பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வளவை அவரே கூட்டுவார், பொழுதுபடக் கோழிகளை எண்ணி அடைப்பதும் அவர்தான். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒருநாள் பக்கத்து வளவுப் பிள்ளையின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. அதை லண்டனில் இருக்கும் அண்ணாவிடம் சொன்னேன். அடுத்த பொதியில் சொக்கிலேட்டுக்கும் பழைய சுவெற்றர்களுக்கும் நடுவே நான்கு பெரிய போத்தல் ஒமேகா 3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு) குளிசை வந்து இறங்கியது.

இரண்டு வருடம் அம்மா ஒருநாளும் விடாமல் போட்டார். ஞாபகம் குறையவே இல்லை. இரணைமடுக் குளம் எந்த வருடம் வான் பாய்ந்தது, யாருடைய காணிக்கு எது எல்லை, எல்லாம் அப்படியே சொல்வார். "குளிசை வேலை செய்யுது" என்று அண்ணாவிடம் சொன்னேன். ஒழுங்கையில் நான்கு வீட்டுக்கும் சொன்னேன். அதுதான் இப்போது மனதை உறுத்துகிறது.

ஏனென்றால் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, முறிகண்டிப் பக்கம் இருக்கிறார். இரண்டு வயது மூத்தவர். வாழ்நாளில் இப்படி ஒரு குளிசையைத் தொட்டதில்லை. அவருடைய ஞாபகமும் அப்படியேதான் இருக்கிறது.

இந்த யோசனையோடு தேடியபோது ஓபல் என்ற ஆய்வைப் பற்றி வாசித்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 70 முதல் 79 வயது வரையான, மறதிநோய் இல்லாத 867 பேரை எடுத்திருக்கிறார்கள். பாதிப்பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் டி.எச்.ஏ.யும் 200 மில்லிகிராம் ஈ.பி.ஏ.யும் உள்ள மீன் எண்ணெய்க் குளிசை. இரண்டும் ஒமேகா 3 கொழுப்பின் வகைகள். மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரி, உள்ளே ஒலிவ் எண்ணெய். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 24 மாதம் கழித்து, சாமான் பட்டியல் மாதிரி 16 சொற்களைச் சொல்லிக் கொடுத்துத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பல சோதனைகளும் வைத்திருக்கிறார்கள். முடிவு 2010இல் வந்தது. இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். அந்த இரண்டு வருடத்தில் *எந்தக் குழுவுக்கும்* ஞாபகம் குறையவில்லை. ஒலிவ் எண்ணெய் குடித்தவர்களும் அப்படியேதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மகளைக் கேட்டிருந்தால், "அம்மாவுக்கு நல்லா வேலை செய்யுது" என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள், நான் சொன்னது போலவே. உடம்பு நன்றாக உள்ள ஒருவருக்கு இரண்டு வருடத்தில் எப்படியும் ஞாபகம் குறையாது என்றால், எந்தக் குளிசையைப் போட்டாலும் அதற்கு நல்ல பெயர்தான்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது? நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

எங்கள் அப்பா கரைவலைக்காரர். இப்போது கடலுக்குப் போவதில்லை, வாடியில் இருந்து வலை பொத்துவார். கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர் மீன் எண்ணெயைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கடையில் வாங்கத் தொடங்கினார். போத்தல் விலை கூட என்பதால், கறிக்கென்று தம்பி கொண்டுவரும் சாளையையும் சூடையையும் விற்கச் சொல்லி, அந்தக் காசில் குளிசை வாங்கினார். எங்கள் சட்டிக்கு வந்தது பருப்பு.

எட்டு மாதம் இப்படிப் போனது. அம்மாதான் ஒருநாள் கேட்டார், "இந்தக் குளிசைக்குள்ளை என்னப்பா இருக்கு?" என்று. மீன் எண்ணெய் என்றேன். "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் என்னத்தை வித்தனாங்கள்?" என்றார். அன்றைக்கே சூடைக் குழம்பு வைத்தார்.

சாளை, சூடை, நெத்தலி எல்லாம் கொழுப்புள்ள சின்ன மீன்கள். டி.எச்.ஏ. அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு முதுமையில் ஞாபகம் நன்றாக இருப்பதாகப் பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஆனால் அது மீனாலா, அவர்கள் வாழும் முறையாலா என்று அந்தக் கணக்கெடுப்புகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்பாவின் ஞாபகம் அந்த எட்டு மாதத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறைச்சியும் மரக்கறியும் வாங்க வசதி இல்லாத வீட்டில் மீனை விற்றுக் குளிசை வாங்கியது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வவுனியாவிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், 72 வயது. கிளிநொச்சித் தங்கச்சி எழுதியதோடு முழுவதும் ஒத்துப்போக மாட்டேன். 2010இலேயே இன்னொரு ஆய்வும் வந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட, ஞாபகம் சற்றுத் தளர்ந்த 485 பேருக்குத் தினம் 900 மில்லிகிராம் டி.எச்.ஏ., 24 வாரம். எந்தப் பெட்டிக்குள் எந்த உருவத்தைக் கண்டோம் என்று நினைவில் வைக்கும் சோதனையில் அவர்கள் தேறியிருக்கிறார்கள். நான் அதை நம்பித்தான் ஒரு வருடமாகப் போடுகிறேன். படிப்பித்த பிள்ளைகளின் பெயர் மறப்பது எனக்கு எவ்வளவு வலி என்று சொல்லத் தெரியவில்லை. வீதியில் ஒருவன் "சேர்" என்று வந்து நிற்கிறான். முகம் தெரிகிறது, இருந்த வாங்கு தெரிகிறது, பெயர் வரவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

சேர், அந்த ஆய்வை நானும் வாசித்தேன். அதை நடத்தியவர்களில் அந்த எண்ணெயைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதனால் மட்டும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2015இல் அமெரிக்காவில் சுமார் 3,500 முதியவர்களிடம் ஐந்து வருடம் பார்த்த ஆய்வு வந்தது. கண் வருத்தம் உள்ளவர்கள் அவர்கள். ஒமேகா 3 போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஞாபகத்தில் வித்தியாசம் காணவில்லை. 24 வாரத்தில் தெரிந்த சின்ன நன்மையை விட இந்த ஐந்து வருடத்தை நான் கூடுதலாக நம்புகிறேன். பெயர் தாமதமாக வருவதும் ஆளையே மறப்பதும் ஒன்றல்ல சேர். அந்த வாங்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதே.

மாங்குளத்திலிருந்து:

நான் மாதாந்தக் கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறேன். மறதி என்று வருகிறவர்களில் பலர் பையில் ஒரு குளிசைப் போத்தலும் கொண்டுவருவார்கள். அதைக் காட்டி "இது நல்லதோ?" என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்விகள்.

சீனி வருத்தத்துக்கு மெட்போமின் எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள்? நீண்ட காலம் போட்டால் உடம்பில் விற்றமின் பி12 குறையலாம். அது குறைந்தால் மறதியும் வரும், கால் விறைப்பும் வரும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். தைரொயிட் குறைந்தாலும் மறதி வரும், அதற்கும் இரத்தச் சோதனை இருக்கிறது. இரவில் நித்திரைக்கு ஏதும் போடுகிறீர்களா? சில நித்திரைக் குளிசைகள் பகலிலும் மூளையை மந்தமாக்கும்.

அப்புறம் காது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சொன்னதைக் கேட்காமல் விட்டவரை மறந்துவிட்டார் என்று வீட்டில் சொல்கிறார்கள். பேச்சு குறைகிறது, ஆள் ஒதுங்குகிறார், மூளைக்கும் வேலை குறைகிறது. மறதிநோய்க்கான ஆபத்துகளில் தடுக்கக் கூடியவை என்று எண்ணப்படுபவற்றில் காது கேட்பது குறைவது முக்கியமானது. இரத்த அழுத்தம், சீனி, புகைத்தல், தனிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஞாபகம் தேய்வதைத் தடுக்கவென்று இந்த வகைக் கொழுப்புக் குளிசைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே எழுதிவிட்டது. நல்ல சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும்தான் சொல்கிறது.

இன்னொன்று. வோபறின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் மீன் எண்ணெய் போடுவதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மீன் எண்ணெயின் அளவு கூடக் கூட இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் கூடுகிறது. தகரக் கூரை வீட்டில் அலுமாரிக்கு மேலே மாதக் கணக்கில் இருந்த போத்தலைத் திறந்து மணந்து பாருங்கள். காறல் மணம் அடித்தால் அது பழுதான எண்ணெய். வெளிநாட்டுச் சாமான் என்று வைத்திருக்காதீர்கள், எறியுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் அம்மப்பாவுக்கு யாரோ தேங்காய் எண்ணெய் சொல்லிக் கொடுத்தார்கள், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி. மூளைக்கு வேறு எரிபொருள் கிடைக்கும் என்று கதை. ஒரு வருடம் குடித்தார். கொலஸ்ரரோல் ஏறியது. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, கொலஸ்ரரோலை ஏற்றும் வகை. தேங்காய்ப்பால் சொதியோடும் சம்பலோடும் வளர்ந்த மனிதருக்கு அதற்கு மேலும் இரண்டு கரண்டி எதற்கு?

புதுக்குடியிருப்பிலிருந்து:

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மாவுக்கு 69. அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துவிடுவார். கேட்டதையே கேட்பார். சுவிஸில் இருந்து தங்கச்சி குளிசை அனுப்பினாள். அரை வருடம் கொடுத்தேன், மாற்றம் இல்லை. 2009இல் நாங்கள் இழந்தவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. அம்மா அந்த மாதங்களின் ஒவ்வொரு நாளையும் திகதியோடு சொல்வார். மறப்பதெல்லாம் இன்றைக்கு நடப்பதைத்தான்.

வைத்தியர் அம்மாவோடு நெடுநேரம் கதைத்தார். இரவில் எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேட்டபோதுதான், பல வருடங்களாக அம்மா இரண்டு மணிக்குப் பிறகு நித்திரை கொள்வதில்லை என்பது எனக்கே தெரியவந்தது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. துக்கமும் நித்திரையின்மையும் கவனத்தைப் பிடுங்கிவிடும், கவனத்தில் பதியாதது ஞாபகத்தில் எப்படி நிற்கும் என்றார். அதற்கான சிகிச்சை நடக்கிறது. இந்த வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போவோமா என்று அவராகவே கேட்டார். உலை இன்னும் சிலவேளை அடிப்பிடிக்கிறது. ஆனால் முன்னைப் போல இல்லை.

கிளிநொச்சியிலிருந்து:

புதுக்குடியிருப்பு அக்கா, எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாவிடம் பொதியில் இனிக் குளிசை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் மனவருத்தப்பட்டார். தூரத்தில் இருப்பவருக்கு அனுப்ப ஏதாவது ஒன்று வேண்டும்தானே. மீதி ஒரு போத்தலை அம்மா முடிக்கத்தான் போகிறாராம், "அவன் உழைச்சு வாங்கினது" என்கிறார். மணந்து பார்த்தேன், பழுதில்லை. விட்டுவிட்டேன்.

மாங்குளத்தவர் காதைப் பற்றி எழுதியதிலிருந்து கவனிக்கிறேன், அம்மா தொலைபேசியை எப்போதும் இடது காதில்தான் வைக்கிறார். காதுக் கிளினிக்குக்கு வரும் வியாழன் திகதி கிடைத்திருக்கிறது. போய் வந்து எழுதுகிறேன்.