டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு "சி-ல வாங்க" என்கிறவர்கள் கவனத்துக்கு

பவானி_சாக்ஸ்:
கோபி பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை, மெல்லிசைக் கச்சேரி. நான் ஆல்ட்டோ சாக்ஸ், பக்கத்தில் டிரம்பெட், ஒரு கிடார், கீபோர்டு. பாடுகிற அம்மணி அரைக் கட்டை, அதாவது அரைச்சுரம், ஏற்றிக் கொடுங்கள் என்றார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனில் (விரல் அதே இடத்தில் இருக்க, வருகிற சுருதியை மட்டும் ஏற்றி இறக்குவது) பிளஸ் 1 போட்டுக்கொண்டு, விரலை எப்போதும் போல சி-யில் வைத்து, எங்கள் பக்கம் திரும்பி "அண்ணா, சி-ல வாங்க" என்றார். எங்கள் வாத்தியங்களில் சுரத்தின் பெயர் தள்ளி வரும்: மேடையில் சி என்றால் ஆல்ட்டோவில் நான் ஏ பிடிக்க வேண்டும், டிரம்பெட்காரர் டி பிடிக்க வேண்டும். பிடித்தோம். கிடார்காரர் கீபோர்டில் ஓடுகிற விரலைப் பார்த்தே சி கார்டு போட்டார். ஸ்பீக்கரில் வருவதோ சி ஷார்ப், அரைச்சுரம் மேலே. முதல் நாலு மாத்திரை என்ன சத்தம் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருத்தர் மைக் கோளாறு என்றே நினைத்துவிட்டார். பன்னிரண்டு ஸ்கேலும் கையில் இல்லாதவர் கீபோர்டு வாசிக்க மேடை ஏறக்கூடாது. இதுதான் என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

திருப்பூர்_கீஸ்:
ஏனுங்கண்ணா, அவர் சி ஷார்ப் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லையே? தப்பு வாயில், பட்டனில் இல்லை. விடிய விடிய வாசிக்கிறோம், யார் எப்போது எந்தச் சுருதி கேட்பார்கள் என்று கடைசி நிமிடம் வரை தெரியாது, வலது கையில் பிஜிஎம், இடது கையில் கார்டு, நடுவில் சவுண்டு மாற்ற வேண்டும், இதில் அஞ்சு ஃப்ளாட் (அரைச்சுரம் இறக்கிய சுரம்) இருக்கிற ஸ்கேலில் விரலை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது என்ன சட்டம்? நாடகக் கொட்டகையில் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் வைத்திருந்தவர்கள் கட்டைப் பலகையையே நகர்த்தி வைத்துத்தான் வாசித்தார்கள். கிடார்காரர் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்துகிற கிளிப்) மாட்டினால் கைதட்டுகிறீர்கள், நாங்கள் பட்டன் அமுக்கினால் மட்டும் குற்றமா?

பவானி_சாக்ஸ்:
கேப்போ கிடார் கழுத்தில் இருக்கிறது, எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒரு ஃப்ரெட்டுக்கு அரைச் சுரம் என்று கூட்டிக்கொள்வேன். உங்கள் பட்டன் உங்களுக்கு மட்டும் தெரிகிற குட்டித் திரையில் இருக்கிறது. போன பாட்டுக்குப் போட்ட பிளஸ் 3-ஐ அழிக்காமல் அடுத்த பாட்டை எடுத்த கதை எத்தனை வேண்டும்?

தாராபுரம்_ரசிகன்:
எனக்குத் தெரிந்தவரை பட்டன் அமுக்கினால் ராகமே மாறிவிடும். மோகனத்தை நகர்த்தினால் மத்தியமாவதி, இந்தோளம் எல்லாம் வரும் என்று ஒரு கச்சேரியில் செய்து காட்டினார்கள். அதனால்தான் பழைய ஆட்கள் பட்டனைத் தொடுவதில்லை.

கோவை_வயலின்:
தம்பி, நீங்கள் பார்த்தது சுருதி பேதம், அது வேறு வேலை. அங்கே சுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், 'ச' மட்டும் வேறு இடத்துக்குப் போகும். மோகனத்தின் ரிஷபத்தை 'ச' என்று வைத்துக் கேட்டால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். பட்டன் செய்வது நேர் எதிர்: 'ச'-வோடு சேர்த்து எல்லாச் சுரத்தையும் ஒரே அளவு தூக்கி வைக்கிறது. மோகனம் ஒன்றரைக் கட்டையிலும் (சி ஷார்ப்) மோகனம்தான், ஐந்தரையிலும் (ஜி ஷார்ப்) மோகனம்தான். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுகிறார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரையில். ராகம் மாறிவிட்டதாக யாராவது எழுந்து போனார்களா?

அதனால் இந்தச் சண்டையே நம் ஊர் முறையில் தேவையில்லை என்பேன். சி, எஃப், ஜி என்று கத்துவதை விட்டுவிட்டு ச, ம, ப என்று சொல்லுங்கள். சுருதி பாடுகிறவரோடு ஏறும் இறங்கும், சுரத்தின் பெயர் மாறாது. நாங்கள் தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகிக்கொள்கிறோம், மிருதங்கக்காரர் தக்குச் (தாழ்ந்த) சுருதிக்கு ஒன்று, ஹெச்சுச் (உயர்ந்த) சுருதிக்கு ஒன்று என்று இரண்டாகக் கொண்டு வருகிறார், முடிந்தது வேலை.

திருப்பூர்_கீஸ்:
அக்கா, கச்சேரிக்கு அது சரி. சினிமாப் பாட்டில் சரணத்துக்கு 'ச'-வே இடம் மாறும், கடைசிப் பல்லவிக்கு அரைச் சுரம் ஏறும். அந்த இடத்தில் 'ம' என்று நான் சொன்னால் எந்த 'ச'-வுக்கு 'ம' என்று கிடார்காரர் கேட்பார்.

பவானி_சாக்ஸ்:
அக்கா சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். உங்களுக்குப் பிருடை இருக்கிறது, எனக்கு இருப்பது பித்தளைக் குழாய். இதைத்தான் கீபோர்டு ஆட்கள் யோசிப்பதே இல்லை. ஆல்ட்டோ இ-ஃப்ளாட் வாத்தியம்: நான் சி என்று வாசித்தால் காதில் விழுவது இ-ஃப்ளாட். டிரம்பெட் பி-ஃப்ளாட் வாத்தியம், அவர் சி வாசித்தால் பி-ஃப்ளாட் விழும். கிடார்காரருக்குக் கை நோகாத 3 கட்டையை எடுங்கள், அதாவது இ. டிரம்பெட்டுக்கு அது எஃப் ஷார்ப், ஆறு ஷார்ப். எனக்குச் சி ஷார்ப், ஏழு ஷார்ப், டி-ஃப்ளாட் என்று எழுதிக்கொண்டாலும் அஞ்சு ஃப்ளாட். அதே நீங்கள் பயப்படுகிற ஒன்றரைக் கட்டை எனக்கு வெறும் பி-ஃப்ளாட், ரெண்டே ஃப்ளாட், வெண்ணெய் மாதிரி ஓடும். இரண்டரை என்றால் எனக்கு ஒன்றுமே இல்லாத சி. யாருக்கு எது சுலபம் என்பதே வாத்தியத்துக்கு வாத்தியம் தலைகீழ்.

இன்னொன்று, இது கணக்கில் வராது. கிளாரிநெட்டில் எழுதுகிற பி-ஃப்ளாட்டுக்கு ஒன்றிரண்டு விரல் போதும், அடுத்த பி-க்கு எல்லாத் துளையையும் மூடி ரிஜிஸ்டர் சாவியையும் திறக்க வேண்டும். அந்த வாசலில் போய் ஒரு கமகம் விழுந்தால் வழுக்காது, வெட்டும். அரைச் சுரம் ஏற்றியதும் நன்றாக வந்துகொண்டிருந்த சங்கதி அங்கே போய் மாட்டிக்கொள்ளும். பட்டன் அமுக்குகிற விரலுக்கு இது தெரியவே தெரியாது.

திருப்பூர்_கீஸ்:
அது உங்கள் வாத்தியத்தின் குணம், அதற்கு நான் என்ன செய்ய? கீபோர்டில் பன்னிரண்டு அரைச்சுரமும் சமம், ஒவ்வொன்றும் முந்தியதைப் போல 1.0595 மடங்கு. எந்த ஸ்கேலில் வாசித்தாலும் காதுக்கு ஒரே அமைப்பு. பிறகு எதற்காக நான் கஷ்டமான வழியில் போக வேண்டும்?

கோவை_வயலின்:
கீபோர்டுக்குச் சமம் என்பது சரி. வயலினில் அப்படி இல்லை. சும்மா விடும் தந்தி எந்தச் சுரத்தோடு சேர்ந்து அதிருமோ அங்கே நாதம் நிறையும், இல்லாத இடத்தில் மெலியும். அதனால்தான் நாங்கள் ஸ்கேலை நகர்த்தாமல் தந்தியையே பாடுகிறவரின் சுருதிக்குக் கொண்டுபோகிறோம். ரொம்ப இறக்கினால் தந்தி தொளதொளத்துப் போகும், கனமான தந்தி மாட்டவேண்டி வரும்.

அந்தியூர்_நாயனம்:
எல்லோரும் உங்கள் வாத்தியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கோயில் மேடையில் நாதஸ்வரத்தோடு ஃபியூஷன் என்று கூப்பிடுகிறீர்களே, அப்போது யார் யாரிடம் வருவது? பாரி நாயனம், அதாவது நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டை. ஏழு துளை, மீதி எல்லாம் மூச்சிலும் உதட்டிலும். நான்கு கட்டைக்கு வாருங்கள் என்றால் நான் வேறு நாயனம்தான் எடுக்க வேண்டும், குட்டையான, மேல் சுருதித் திமிரி கையில் இருந்தால் அது வேறு கதை. போதாததற்குப் பங்குனி வெயில். குழலுக்குள் காற்று சூடேற ஏறச் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட், அரைச்சுரம் என்பது 100 சென்ட். கீபோர்டு 440 ஹெர்ட்ஸில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். டிரான்ஸ்போஸ் பட்டன் அரைச்சுரம் அரைச்சுரமாகத்தான் தாவும், நடுவில் நிற்காது. அதற்கு டியூனிங் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்த கீபோர்டுக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

திருப்பூர்_கீஸ்:
சந்திக்க வாருங்கள், நான் தொடுவேன். நாயனம் என்றால் கீபோர்டுதான் இறங்கி வர வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பாருங்கள், இரண்டரைக்கு வருவதற்கும் பட்டன்தானே உதவுகிறது.

பவானி_சாக்ஸ்:
இ-ஃப்ளாட்டுக்கு மூன்று ஃப்ளாட் தம்பி. மூன்று! அதற்குமா பட்டன்?

காங்கேயம்_கும்மி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நாங்கள் வள்ளி கும்மிக் குழு. வள்ளி கும்மி ஆசான் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகு எங்கள் பக்கம் புதுசாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், பெண் பிள்ளைகள்தான் அதிகம். எங்கள் சிக்கல் இதுதான்: ஆசிரியர் ஒன்றரையில் எடுத்தால் பெண்களுக்குக் கீழே முனகலாகப் போகிறது, மேலே எடுத்தால் கீச்சென்று வருகிறது. ஆடிக்கொண்டே பாடணும், மூச்சு வேறு வாங்கும். பதிவு செய்த டிராக்கை மொபைலில் நாலு படி ஏற்றிப் பார்த்தோம், ஜமாப் மேளச் சத்தம் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. மூன்றரைக் கட்டை எடுத்தால் சரியாக வருமா? நேரில் வாசிக்க ஆட்கள் வேண்டும்.

கோவை_வயலின்:
மூன்றரை என்று ஒன்று கிடையாதுங்க. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லை, மூன்றில் இருந்து அரைச்சுரம் ஏறினாலே நான்கு. நான்கு எடுங்கள். ஆசிரியருக்கு மேல் ஸ்தாயியில் எட்டாத இடங்களைக் கீழ் ஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள், பதில் பாட்டுப் பெண்களுக்கு நடுவில் வசதியாக நிற்கும். டிராக்கை ஏற்றி இறக்கவே வேண்டாம், தாளக் கருவிகளை நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவானி_சாக்ஸ்:
நான்கு என்றால் எஃப். எனக்கு டி, ரெண்டு ஷார்ப். டிரம்பெட்டுக்கு ஜி, ஒரே ஷார்ப். தேதி சொல்லுங்க அம்மணி, வந்துவிடுகிறோம்.

திருப்பூர்_கீஸ்:
நானும் வரேன். பிளஸ் 5 போட்டுக்கொண்டுதான் வருவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பவானி_சாக்ஸ்:
என்னமோ போட்டுத் தொலை. வாயில் மட்டும் எஃப்-னு சொல்லு.