பி-பாடி: ‘ஒதுக்குத்திரள்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

செல்லுக்குள் புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏவும் புரதமும் கூடி, புரதத் தயாரிப்பை நிறுத்தி வைக்கிற துளிதான் பி-பாடி (processing body). அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘செயலாக்க உடலம்’ எனக்கு ஒப்பவில்லை. இங்கே சென்னையில் பி.எஸ்சி. தாவரவியல் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். “அதுல என்ன சார் தயாராகும்?” என்றார்கள். தயாரிப்பை நிறுத்தி வைக்கிற இடத்துக்கு இப்படிப் பெயர் வைத்தால் வேறென்ன கேட்பார்கள்?

ஒரு செல் இரண்டு முறை பிரிந்து குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பையே (மியாசிஸ்) எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் புரத ஆக்கம் நடந்தே தீர வேண்டும். 1960களில் உயிரியலாளர் ஹெர்பர்ட் ஸ்டெர்ன் குழுவினர் லில்லியின் மகரந்தத் தாய் செல்களில் இதைக் காட்டினார்கள். லில்லி மொட்டின் நீளத்தை அளந்தாலே உள்ளே எந்தக் கட்டம் என்று கணித்துவிடலாம், அதனால்தான் அந்தச் செடி. சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புரத ஆக்கத்தைத் தடுத்தால் குரோமோசோம் இணைதலும், இணைந்தவை பின்னிக்கொள்ளும் கயாஸ்மாவும் கெட்டுப்போகின்றன.

முடிவில் கதை தலைகீழ். ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இது: இரண்டாம் பிரிவின்போது டிடிஎம்1 என்ற புரதம் எஸ்எம்ஜி7 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு பி-பாடியில் சேர்கிறது. புரத ஆக்கத்தைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்4எஃப் கூட்டணியை அங்கே இழுத்துக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. புரத ஆக்கம் தணிகிறது, பகுப்பும் முடிகிறது. டிடிஎம்1 இல்லாத செல்லுக்கு நிற்கத் தெரியாது. பிரிக்கக் குரோமோசோமின் இரட்டைப் பிரதியே (குரோமாட்டிட்) மிச்சமில்லாதபோதும் மூன்றாம் முறை பிரியப் பார்க்கும். அசிட்டோகார்மைன் சாயத்தில் மகரந்தப்பையை நசுக்கி, அழகாக நான்கு நான்கு செல்களாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு விபரீதம் என்று தெரியும். டிடிஎம்1 இல்லாத அந்தச் செடிக்கு வெளியிலிருந்து மருந்து கொடுத்துப் புரத ஆக்கத்தைத் தடுத்தால், பகுப்பு முடிந்துவிடுகிறது!

சரி, பி-பாடிக்கு இன்னொரு பெயராக ‘சிதைவகம்’? அதுவும் வேண்டாம். பி-பாடிக்குப் போன ஆர்என்ஏ எல்லாம் சிதைவதில்லை, சில காத்திருந்து வேலைக்குத் திரும்பும். தவிர, ‘அகம்’ என்றதும் சுவர் நினைவுக்கு வரும். இதற்கோ சவ்வே கிடையாது. ஆர்என்ஏவும் புரதமும் கூடும், கலையும். ஆகவே ‘திரள்’. என் பரிந்துரை ‘ஒதுக்குத்திரள்’. செல் நெருக்கடியில் இருக்கும்போது இதேபோல் கூடும் ஸ்ட்ரெஸ் கிரானியூலையும் ‘நெருக்கடித்திரள்’ என்று இதே வரிசையில் வைத்துவிடலாம்.

ஒரு குறை உண்டு. ‘ஒதுக்கு’ என்பது ஒரேயடியாகத் தள்ளிவைப்பதாகவும் படலாம். தனிமடலில் ஒருவர் ‘நிறுத்தத்திரள்’ என்றார். எனக்கோ காலை எட்டரை மணி சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப்தான் கண்முன் வருகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். அதுவரை என் பாடக்குறிப்பில் ‘ஒதுக்குத்திரள் எனும் பி-பாடி’ என்றே போடப்போகிறேன்.