1919 டெம்ப்சி எதிர் 1966 அலி: இந்த மோதலுக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ்க் கலைச்சொல் தொகுப்பில் குத்துச்சண்டைப் பகுதி ஏறக்குறைய முடிந்தது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் (மிகு எடைப்பிரிவு) வாகையர் இருவரை மனத்தில் ஒரே ரிங்கில் ஏற்றி, யார் வெல்வார் என்று வாதிடுகிறோமே, அந்த மோதலுக்கு ஒரு பெயர் வேண்டும். ஜாக் ஜான்சனோடு மைக் டைசன், ஜோ லூயிஸோடு லெனாக்ஸ் லூயிஸ் என்பது போல.

இதுவரை வந்த பரிந்துரைகள்: கனவுப் போட்டி, கற்பனைப் போட்டி, தலைமுறை மோதல், இடைக்கால மோதல், காலங்கடந்த மோதல். உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்.

மடல் 2

ஐந்தும் எனக்கு ஒப்பவில்லை.

'கனவுப் போட்டி' என்பதை ரசிகர்கள் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறார்கள். உயிரோடு, களத்தில் இருக்கும் இருவர் மோதமாட்டார்களா என்று ஏங்குவது அது. 'காலங்கடந்த' என்றால் நம் காதில் தாமதம்தான் விழும்: காலங்கடந்த நீதி, காலங்கடந்த சிகிச்சை. 2015-இல் மேவெதரும் பாக்கியாவோவும் மோதியதை வேண்டுமானால் காலங்கடந்த மோதல் எனலாம். பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது அது.

'இடைக்கால' என்பதைத் தொடவே வேண்டாம். பட்டத்துக்குரியவர் காயமுற்று ஒதுங்கியிருக்கும்போது இன்னொருவருக்குத் தரும் பட்டத்தை நாம் முன்பே 'இடைக்காலப் பட்டம்' என்று தொகுப்பில் சேர்த்துவிட்டோம். ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் நின்றால் படிப்பவர் தடுமாறுவார்.

'தலைமுறை மோதல்' உண்மையிலேயே நடந்த சண்டைகளுக்குரிய பெயர். 1951 அக்டோபரில் 37 வயது ஜோ லூயிஸை மார்சியானோ எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். 1980-இல் 38 வயது அலி, தன்னிடம் முன்பு பயிற்சிக்கு நின்ற லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடிவாங்கி நிறுத்தப்பட்டார். 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸை டைசன் நான்காம் சுற்றில் சாய்த்தார். மூன்றும் தலைமுறை மோதல்கள். மூன்றும் நாம் பெயர் தேடும் பொருளல்ல.

மடல் 3

அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை இருக்கிறதே. இல்லாததை உள்ளதாக வைத்து ஒப்பிடுவது. அதே வழியில் 'இல்மோதல்' என்றால் சுருக்கமாகவும் இருக்கும், தமிழாகவும் இருக்கும்.

மடல் 4

ஐயா, எண்ணம் அருமை. ஆனால் இல்லறம், இல்வாழ்க்கை, இல்லாள் என்று 'இல்' நம் வாயில் வீடாகவே பழகிவிட்டது. 'இல்மோதல்' என்று நாளேட்டில் படித்தால் கணவன் மனைவி சண்டை என்றே எடுத்துக்கொள்வார்கள். மேலும் இங்கே இருவரும் உள்பொருள்; சந்திப்பு மட்டும்தான் இல்பொருள். 'கற்பனைப் போட்டி'க்கும் இதே குறைதான். கற்பனை என்றதும் ஆட்களும் கற்பனை என்றாகிவிடுகிறது.

'நிகழா மோதல்' என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். அது பரந்த சொல். லெனாக்ஸ் லூயிஸும் ரிடிக் போவும் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் மோதினார்கள், தொழில்முறையில் மோதவே இல்லை. அது நிகழா மோதல். ஆனால் இருவரும் ஒரே காலத்தவர். ஆகவே காலத்தைக் குறிக்கும் அடைமொழி ஒன்று தனியாகத் தேவை.

என் பரிந்துரை: வேற்றுக்கால மோதல். வேற்றுமொழி, வேற்றுநாட்டவர், வேற்றுக்கிரகம் என்று மக்கள் நாவில் உள்ள அமைப்பு. ஆறு ஆற்றுநீரில் 'ஆற்று' ஆவதுபோல, சோறு சோற்றுப்பானையில் 'சோற்று' ஆவதுபோல, 'வேறு' இங்கே 'வேற்று' ஆகிறது. அகராதியைப் புரட்டாமல் பொருள் விளங்கும்.

மடல் 5

வேற்றுக்கால மோதல் எனக்குச் சம்மதம். ஆனால் தலைச்சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போனால் வாதம் செய்பவர்களுக்கு உதவாது. இந்த வாதங்கள் முட்டுச்சந்தில் போய் நிற்பதன் காரணம், எந்த நாளின் ஆள், எந்தக் காலத்து விதி, எந்த உடல் என்பதை ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டு பேசுவதுதான். மூன்றுக்கும் துணைச்சொல் வேண்டும்.

முதலாவது உச்சநாள். 'உச்சக்காலம்' என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு தேதியைக் காட்ட வேண்டும். அலிக்கு 1966 நவம்பர் 14, ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த நாள். ஜோ லூயிஸுக்கு 1938 ஜூன் 22, ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 4 நொடியில் முடித்த நாள். ஃபோர்மனுக்கு 1973 ஜனவரி 22, கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை தரையில் இட்ட நாள். டைசனுக்கு 1988 ஜூன் 27, ஸ்பிங்ஸோடு 91 நொடி. தேதி இல்லாவிட்டால் ஒருவர் 1966 அலியை மனத்தில் வைத்துப் பேசுவார், மற்றவர் 1974 கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்தபடி அடியைத் தாங்கிய அலியை வைத்துப் பேசுவார். அந்த இரண்டு அலியும் கால் வேகத்தில் இரு வேறு மனிதர்கள்.

இரண்டாவது களக்காலம்: ரிங்கில் எந்தக் காலத்து விதி ஓடுகிறது என்பது. பெரும்பாலோர் இதைச் சொல்வதே இல்லை. ஆனால் முடிவை மாற்றுவது பெரும்பாலும் இதுதான். 1952 செப்டம்பரில் வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டத்தைப் பறித்தது 13-ஆம் சுற்றில். அதுவரை மூன்று நடுவரின் புள்ளி அட்டையிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். 1941-இல் பில்லி கான் இரண்டு அட்டையில் முன்னே இருந்தபோது ஜோ லூயிஸ் 13-ஆம் சுற்றின் கடைசி நொடிகளில் வீழ்த்தினார். இன்றைய 12 சுற்று விதியில் அந்த 13-ஆம் சுற்றே கிடையாது. 1915-இல் ஹவானாவில் ஜான்சன் விழுந்தது 26-ஆம் சுற்றில். அன்று குறித்திருந்தது 45 சுற்று! 12 சுற்று என்று தெரிந்திருந்தால் மார்சியானோ முன்னதாகவே வேகத்தைக் கூட்டியிருப்பார் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த மறுப்பைச் சொல்வதற்கே களக்காலத்தை முதலில் அறிவித்திருக்க வேண்டும்.

சுற்று எண்ணிக்கையோடு முடியவில்லை. 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் 187 பவுண்டு டெம்ப்சி, 245 பவுண்டு வில்லார்டை முதல் சுற்றில் ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவர் பக்கத்திலேயே நின்று, அவர் எழ எழ அடித்தார். அன்று அது விதிமீறல் இல்லை. 1927 சிகாகோவில் அப்படி முடியவில்லை. எதிராளி டன்னி ஏழாம் சுற்றில் விழுந்தபோது, வீழ்த்தியவர் ஒதுங்கி நிற்க வேண்டிய நடுநிலை மூலைக்குப் போக டெம்ப்சி தாமதித்தார், ரெஃப்ரி அதுவரை எண்ணத் தொடங்கவில்லை, டன்னிக்குக் கூடுதல் நொடிகள் கிடைத்தன, எழுந்து பாயிண்டில் வென்றார். 1966 அலியை 1919 களக்காலத்தில் நிறுத்தினால், ஒருமுறை விழுந்தாலும் எழும் வேளையில் டெம்ப்சியின் இடது ஹுக் (வளைத்து வீசும் குத்து) காத்திருக்கும். 1966 களக்காலத்தில் டெம்ப்சியை நிறுத்தினால் அந்த ஆயுதம் பாதி போய்விடும். அதே இருவர்தான், மோதல் வேறு.

கிளவுஸும் அப்படியே. 1892-இல் கார்பெட்டும் சல்லிவனும் அணிந்தது 5 அவுன்ஸ். இன்று ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ். பெரிய கிளவுஸை முகத்தருகே உயர்த்தினால் அதுவே கேடயம். 5 அவுன்ஸ் பின்னால் ஒளிய இடமில்லை, இடைவெளியில் குத்து நுழையும். அதனால்தான் பழைய படங்களில் முன்கையால் தட்டிவிடுவதும், கட்டிப்பிடித்து நிறுத்துவதும் அவ்வளவு அதிகம். அதைத் தற்காப்புத் தெரியாமை என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது உடல். இதற்கு உள்ளபடி, வளர்த்தபடி என்று இரண்டு அடைமொழி போதும். 1952 மார்சியானோ 184 பவுண்டு. 2024 மே மாதம் ஃப்யூரியை வென்ற உசிக் சுமார் 223. ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப்பிரிவான குரூசர்வெயிட்டின் இன்றைய மேல்வரம்பே 200. உள்ளபடி என்றால் மார்சியானோ அதே 184-ஓடு உசிக் முன் நிற்க வேண்டும். வளர்த்தபடி என்றால் இன்றைய உணவு, இன்றைய பயிற்சியோடு வளர்ந்த மார்சியானோவை எண்ண வேண்டும். எடை கூடலாம், கை நீளம் கூடாது. 68 அங்குலத்துக்கும் குறைவான அவருடைய கைவீச்சு எந்த உணவாலும் நீளாது. வளர்த்தபடி வாதங்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான்.

மடல் 6

மேலுள்ள மடலோடு ஒரு செய்முறைக் குறிப்பு. பழைய படங்களில் ஆட்டக்காரர்கள் துடுக்துடுக்கென்று அசைவதைப் பார்த்து 'வேகம் உண்டு, ஒழுங்கு இல்லை' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அன்றைய கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்குச் சுமார் 16 படம். அதை 24-இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரையும். சோதிப்பது எளிது: வெட்டுப்படாத ஒரு முழுச் சுற்றை மணியிலிருந்து மணிவரை கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிடம் வராமல் இரண்டு நிமிடத்தில் முடிந்தால், ஓட்டும் வேகத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்துப் பார்த்த பிறகே காலடியைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. மியாமி வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர் 1967-இல் என்.சி.ஆர். 315 கணினியைக் கொண்டு வாகையர் வரிசை முழுவதையும் மோதவிட்டார். அதில் பழைய வாகையர் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அலி வழக்கே தொடுத்தார். பிறகு 1969-இல் அலியையும் மார்சியானோவையும் நேரில் நிறுத்தி, ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கும் மேல் படம்பிடித்து, பல முடிவுகளையும் எடுத்துவைத்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13-ஆம் சுற்றில் வென்றார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி வென்றார். படம் வெளிவருமுன் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். உச்சநாள் எது, களக்காலம் எது என்று பார்வையாளருக்குச் சொல்லாததால்தான் ஒரே மோதலுக்கு இரண்டு முடிவு விற்க முடிந்தது. இதை எடுத்துக்காட்டாகச் சேர்க்கக் கோருகிறேன்.

ஒரு ஐயம்: 1951 லூயிஸ்–மார்சியானோ சண்டையையும் யாராவது வேற்றுக்கால மோதல் என்றுவிட்டால்?

மடல் 7

ஆண்டை ஒட்டினால் அந்தக் குழப்பம் நீங்கும். 1951-இல் மோதியவர்கள் 1951 லூயிஸும் 1951 மார்சியானோவும். ஆண்டு ஒன்றே, ஆகவே வேற்றுக்காலம் இல்லை. 1938 லூயிஸும் 1952 மார்சியானோவும் என்றால்தான் வேற்றுக்காலம். இந்த விதியால் இன்னொரு வாசலும் திறக்கிறது: 1973 ஃபோர்மனும், 45 வயதில் பட்டத்தை மீட்ட 1994 ஃபோர்மனும் மோதலாம்.

தொகுப்புக்கான பதிவு வரைவு:

*வேற்றுக்கால மோதல்*: வெவ்வேறு ஆண்டைச் சேர்ந்த இரு ஆட்டக்காரர்களுக்கிடையே நிகழ்ந்ததாக வைத்து ஆராயும் மோதல். உச்சநாள், களக்காலம், உடல்நிலை (உள்ளபடி / வளர்த்தபடி) மூன்றையும் சுட்டியே எழுதுக. எ.கா.: 'உள்ளபடி, 1966 களக்காலத்தில், 1919 டெம்ப்சி – 1966 அலி வேற்றுக்கால மோதலில் என் கணிப்பு அலி, பாயிண்டில்.'

ஒன்று பாக்கி. 'நடுநிலை மூலை' சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுபோல் இருக்கிறது. எதிராளியை வீழ்த்தியவர் ஒதுங்கி நிற்கும் மூலை அது. 'ஒதுங்குமூலை' என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.